குளத்தில் தொலையும் தங்கூசி: மீனுக்கு எது பெரிய கேடு?

கேள்வி இதுதான். இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்திலும் முத்தையன்கட்டுக் குளத்திலும் விராலுக்குத் தூண்டல் போடுகிறவர்கள் இப்போது மண்புழுவையும் தவளையையும் விட்டு, றப்பர் மீன், றப்பர் தவளை என்று கடையில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவை அறுந்து குளத்தில் விழுந்தால் மீனுக்கு நஞ்சாகுமா? தங்கூசி என்கிற ஒற்றை இழை நைலோன் நூல், மிதப்பு, கயிறு எல்லாமே பிளாஸ்ரிக்தானே, அவற்றை என்ன செய்வது?

முதலில் நேரடியான பதில். றப்பர் இரை கெடுதல்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வன்னிக் குளங்களில் அதன் பங்கு சிறியது என்பதே என் கணிப்பு. மீன் விழுங்கும் பிளாஸ்ரிக்கைவிட மீனைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்ரிக்தான் அதிகம் கொல்கிறது. அதாவது தொலைந்துபோன தங்கூசி வலை. அதற்கு அடுத்தது அறுந்த தங்கூசி நூல். றப்பர் இரை, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக், கயிற்றுத் தும்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். கவலையை இந்த வரிசையில் வைத்துக்கொண்டால் வேலையும் அந்த வரிசையில் நடக்கும்.

எது எங்கே போய்த் தங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். தங்கூசியிலும் கயிற்றிலும் விரல் நீளத் துண்டுகள் வெட்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீருக்குள் அமிழ்த்தி விடுங்கள். சவர்க்காரம் போடாவிட்டால் மெல்லிய நூல் நீரின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். தங்கூசி மெதுவாக அடிக்குப் போகும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நைலோனின் அடர்த்தி 1.14. பச்சை, நீல நிறக் கயிறுகள் பெரும்பாலும் பொலியெதிலீன் அல்லது பொலிப்புரொப்பிலீன். 0.95, 0.91 என்ற அளவில் இருப்பதால் மிதக்கும். தூண்டல்காரர் விரும்பி வாங்கும் பின்னல் நூலும் 0.97தான், அதுவும் மிதக்கும். புளோரோகார்பன் என்று விற்கும் நூல் 1.78, கல்லுப்போல இறங்கும்.

இந்த வித்தியாசம் சின்ன விசயமில்லை. நைலோனை முறிய வைப்பது வெயில். கரையில் கிடக்கும் தங்கூசி நாளடைவில் வெளிறி, கையால் இழுத்தாலே முறியும். அடியில் சேற்றோடு கிடப்பதில் வெயில் படாது. சூடில்லை, உரசலும் குறைவு. 600 ஆண்டு கிடக்கும் என்று எழுதுவார்கள். அது கணிப்பு, யாரும் இருந்து அளந்ததில்லை. ஆனால் பல பத்தாண்டு கிடக்கும் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். மூழ்கும் நூல் அடியில் வாழும் மீனுக்கும் நண்டுக்கும் ஆமைக்கும் எதிரி. மிதக்கும் நூல் கரையோரத் தாமரையிலும் நாணலிலும் சுற்றிக்கொண்டு நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் எதிரி.

இனி வலை. மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று ஒருமுறை உற்றுப் பார்த்தால் தங்கூசி வலை என்ன செய்கிறது என்பது தெரியும். மீன் வாயைத் திறந்து நீரை எடுக்கிறது, பிறகு செவுள் மூடியைத் திறந்து வெளியே விடுகிறது. வலைக் கண்ணுக்குள் தலை நுழைந்ததும் நூல் அந்த மூடிக்குப் பின்னால் விழுகிறது. மீன் பின்னுக்கு எடுக்கப் பார்க்கும்போது மூடி நூலில் கொழுவுகிறது. மூடி திறக்காவிட்டால் நீர் ஓடாது, மூச்சு நிற்கும். நூல் மெல்லியதாக இருக்க இருக்க உள்ளே ஆழமாக வெட்டும். உதறிக்கொண்டு தப்பினாலும் கழுத்தைச் சுற்றிச் செதிலும் வழுவழுப்பும் வழிக்கப்பட்டிருக்கும். அந்த வழுவழுப்புத்தான் மீனின் கவசம். அது போன இடத்தில் சில நாளில் வெள்ளைப் பஞ்சுபோலப் பூஞ்சை பிடிக்கும். குளத்தில் கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு யப்பான் மீன் (திலாப்பியா) கண்டால், அது வலையிலிருந்து தப்பி வந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்த யப்பான் மீன் முட்டையை வாயில் வைத்து வளர்ப்பது. தாய் மீன் சுமார் மூன்று வாரம் முட்டையும் குஞ்சுமாக வாயில் சுமக்கும். ஆண் மீன் கரையோர ஆழம் குறைந்த மணலில் கிண்ணம்போலக் குழி தோண்டிக் காவல் இருக்கும். தொலைந்த வலை காற்றில் தள்ளுண்டு வந்து கிடப்பதும் பெரும்பாலும் அதே கரையோரத்தில்தான். அங்கே ஒரு தாய் சிக்கினால் ஒரு மீன் மட்டுமா போகிறது, வாயிலிருக்கும் குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன.

அதோடு முடிவதில்லை. செத்த மீன் அடுத்ததை இழுக்கும். விரால் வரும், பாலாமையும் காராமையும் வரும், நீர்க்காகம் முக்குளிக்கும். ஆமைக்கும் நீர்க்காகத்துக்கும் நுரையீரல்தான், மேலே வந்து மூச்செடுக்க முடியாவிட்டால் நீரில் மூழ்கியே சாகும். தொலைந்த வலை தனக்குத் தானே இரை போட்டுக்கொள்கிறது. பாசி படிந்து பாரமாகி, கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது பிடிப்பது குறையும், உண்மை. கடலடியில் சில மாதங்களில் பாதிக்கு மேல் குறைந்துவிடும் வலைகளும் உண்டு. ஆனால் எங்கள் குளங்களுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றி, காட்டை வெட்டிக் கட்டிய குளமென்றால் அடியிலிருக்கும் மரக்குற்றிகள் வெளியே தெரியும். குற்றியில் கொழுவிய வலை வெயிலில் காய்ந்து பாசியெல்லாம் உதிர்ந்து சுத்தமாகிவிடும். கார்த்திகை, மார்கழி மழைக்கு நீர் ஏறும்போது அதே வலை புதிதாகப் போட்டதுபோல மீண்டும் விரியும். வெள்ளம் பாய்ந்தால் அங்கிருந்து பெயர்ந்து, இரணைமடுவிலிருந்து கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளம் பக்கமும், முத்தையன்கட்டிலிருந்து பேராற்றோடு நந்திக்கடல் நீரேரிக்கும் போய்ச் சேரும். வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டினால் கடலுக்கும்.

ஆகவே தொலைந்த வலை எடுக்க நல்ல காலம் ஆவணி முதல் புரட்டாதி கடைசி வரை. மழைக்கு முந்திய அந்த இரண்டு மாதத்தில், நீர் இறங்கிய கரையில் நடந்தே பாதியை எடுத்துவிடலாம். நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் வருடத்துக்கு ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினாலே போதும், ஆனால் அந்த நாள் இந்தப் பருவத்துக்குள் இருக்கவேண்டும். தை மாதத்தில் சிரமதானம் வைத்தால் நீருக்கு அடியில் இருப்பதை யார் காண்பது?

நீருக்குள் இருப்பதை எடுக்கக் கிணற்றில் வாளி எடுக்கும் பாதாளக் கரண்டியே நல்ல ஆயுதம். பத்துப் பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) கயிற்றில் கட்டி, வள்ளத்தின் பின்னால் விட்டு, துடுப்பால் மெதுவாக வலித்துக்கொண்டு போங்கள். இயந்திரம் வேண்டாம். வலை கிடக்கும் திசைக்குக் குறுக்காக இழுக்கவேண்டும், நீளவாட்டில் இழுத்தால் கரண்டி வழுக்கிப் போகும். காற்றில்லாத விடியற்காலை, வள்ளத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு கூரான கத்தி. குற்றியில் இறுகியிருந்தால் பலம் காட்டி இழுக்கவேண்டாம், வள்ளம் சரியும். வருகிற அளவுக்கு எடுத்து மிச்சத்தை வெட்டிவிட்டு, இடத்தைக் குறித்துவைத்து நீர் வற்றும்போது வந்து எடுங்கள். இறங்கிச் சுழியோடி எடுக்க நினைக்கவே கூடாது. முதலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கலங்கிய நீரில் தங்கூசி மனிதர் கண்ணுக்கும் தெரியாது, காலில் சுற்றினால் கையால் அறுக்கவும் முடியாது. உயிரோடு சிக்கியிருக்கும் மீனை வலைக் கண்ணிலிருந்து பிடுங்காதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, சின்னக் கத்தரிக்கோலால் நூலை வெட்டி, மீனின் தலைப் பக்கமாக விடுவியுங்கள்.

வலை ஏன் தொலைகிறது என்பதையும் பார்க்கவேண்டும். சோளகக் காற்றில் நங்கூரம் இழுபட்டுப் போவது ஒன்று. குற்றியில் கொழுவி அறுபடுவது இன்னொன்று. இரவில் வேறொரு படகு மேலால் ஓடி வெட்டிவிடுவது மூன்றாவது. நான்காவது, பலர் வாய்விட்டுச் சொல்லாதது: பரிசோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் விட்டுவிட்டு ஓடுவது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ் தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. தடை வலைக்குத்தான், ஒற்றைத் தூண்டலில் கட்டும் தங்கூசி நூலுக்கு அல்ல. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முறுக்கிய பல இழை நைலோன் வலையும் பிளாஸ்ரிக்தான், அதுவும் தொலைந்தால் கொல்லும். ஆனால் அது தடிப்பானது, மீன் கண்டு விலகும் வாய்ப்பு அதிகம், கிழிந்தால் பொத்திப் பல பருவம் பாவிக்கலாம். தங்கூசி கிழிந்தால் பொத்துவது வீண் வேலை என்று வீசிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். மலிவாகக் கிடைப்பதே அதன் ஆபத்தின் பாதி.

மிதப்பு ஒவ்வொன்றிலும் படகின் இலக்கத்தைச் சூட்டுக் கம்பியால் எழுதி வைத்தால் தொலைந்த வலை உரியவரிடம் திரும்பி வரும். மையால் எழுதினால் ஒரு பருவத்தில் அழிந்துவிடும்.

இதில் படகுக்காரரின் பணமும் இருக்கிறது. தொலைந்த தங்கூசி வெளியிணைப்பு இயந்திரத்தின் விசிறிக்குப் பின்னால் அச்சில் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்றச் சூடேறி, எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை வெட்டும். தண்ணீர் கியர்ப் பெட்டிக்குள் போகும். கியர் எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் வடிந்தால் விளங்கிக்கொள்ளுங்கள். சீல் மாற்றுவது சின்னச் செலவு, கவனிக்காமல் ஓடிப் பற்சக்கரம் துருப்பிடித்தால் பெரிய செலவு. ஆகவே மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றி அச்சில் நூல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தூண்டல் நூலுக்கு வருவோம். உலக அளவில் தொலையும் மீன்பிடி உபகரணங்களைப் பற்றி 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு வலைகளில் 5.7 வீதம், பொறிகளில் 8.6 வீதம், தூண்டல் நூல்களில் 29 வீதம் ஆண்டுதோறும் தொலைகிறது என்றது. நூல்தான் அதிகம் தொலைகிறது, ஆளாளுக்குக் கொஞ்சம் என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

நூல் அறுவதில் பெரும்பகுதி முடிச்சில் நடக்கிறது. நைலோன் நீர் குடிக்கும். நனைந்தால் பலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு குறையும். சாதாரண முடிச்சுப் போட்டால் பாதி போய்விடும். உலர்ந்த நூலில் முடிச்சை வெடுக்கென்று இறுக்கினால் உரசல் சூட்டில் நூல் வெந்து சுருளும், அந்த இடம்தான் பிறகு அறும். எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். வெயிலில் காய்ந்த நூல் இன்னும் மோசம். சுருளின் முதல் இரண்டு மூன்று பாகம்தான் எப்போதும் வெயிலிலும் உரசலிலும் இருப்பது, அதை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அந்த அளவை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

அறுவது தவிர்க்க முடியாதென்றால் எங்கே அறவேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பிரதான நூல் 0.35 மில்லிமீற்றர் என்றால் ஈயத்தை அதில் நேராகக் கட்டாமல், 0.20 மில்லிமீற்றர் நூலில் ஒரு சாண் நீளத்துக்குக் கிளையாகக் கட்டுங்கள். அது சுமார் 3 கிலோ இழுவையில் அறும். குற்றியில் கொழுவுவது பெரும்பாலும் ஈயம்தான். இழுத்தால் ஈயமும் ஒரு சாண் நூலும் மட்டும் போகும், தூண்டலும் பத்துப் பாகம் நூலும் உங்கள் கைக்கு வரும். ஈயம் என்றதும் ஒன்று, பல்லால் கடித்து ஈயத்தை நூலில் பொருத்தும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்காதீர்கள். ஈயம் உடம்பில் சேரும் நஞ்சு. குறடு பாவியுங்கள்.

தூண்டலை மீன் ஆழமாக விழுங்கியிருந்து, அதைத் திரும்ப விடுவதென்றால், பிடுங்காமல் தூண்டலுக்குக் கிட்டவாக நூலை வெட்டிவிடுவது நல்லது. பிடுங்கினால் செவுளும் குடலும் கிழியும். சாதாரண இரும்புத் தூண்டல் துருப்பிடித்து நாளடைவில் போய்விடும், துருப்பிடிக்காத எஃகு போகாது. வாயிலிருந்து நீளமாக நூல் தொங்க விட்டால் மட்டும் அந்த மீன் அடுத்த குற்றியில் சுற்றிக்கொண்டு சாகும்.

இப்போது றப்பர் இரை. பெயர்தான் றப்பர், பெரும்பாலானவை பீ.வீ.சீ. அதை மென்மையாக்க நிறைய மென்மையாக்கி எண்ணெய் கலந்திருக்கும், பெரும்பாலும் தலேற்று வகை. அது உள்ளேயே நிற்பதில்லை என்பதை வீட்டிலேயே காணலாம். றப்பர் மீனைப் பொதியிலிருந்து எடுத்து மலிவான கடினப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சில கிழமை வைத்துப் பாருங்கள். பெட்டியின் அடி இளகி, இரை அதில் ஒட்டி, பிசின்போல இழுபடும். இரையிலிருந்து கசிந்த எண்ணெய்தான் பெட்டியைக் கரைத்தது.

விழுங்கிய மீனுக்கு என்ன ஆகிறது? அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் நன்னீர் மீன்களுக்கு இந்த இரைகளைத் தீனியோடு கலந்து போட்டுப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. 63 வீத மீன்கள் தாமாகவே விழுங்கின, விழுங்கியவை எடை குறைந்தன. நஞ்சைவிட அடைப்புத்தான் முதல் காரணம்: வயிற்றில் கிடப்பதால் பசி எடுக்காது, சத்தும் இல்லை. நீரில் கிடக்கும் இரை ஊதிப் பெருக்கும் என்பதும் தெரிந்த விசயம். விரால் இரையை மெல்லாமல் முழுதாக விழுங்கும் மீன் என்பதால், குளத்தடியில் கிடப்பதையும் எடுக்கக்கூடியது.

இரை தொலைவது பெரும்பாலும் இரண்டு விதம். வீசும்போது தூண்டலிலிருந்து கழன்று பறப்பது, வாலை மீன் கடித்துக்கொண்டு போவது. கழல்வதைத் தடுக்க, இரையின் தலை தூண்டலின் கழுத்தில் பொருந்தும் இடத்தில் உடனொட்டும் பசையில் ஒரு துளி வையுங்கள். ஒரே ஓட்டையில் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள். தாமரையும் ஆம்பலும் உள்ள இடத்தில் தூண்டல் நுனியை இரையின் உடலுக்குள் மறைத்துக் குத்தினால் கொடியில் கொழுவி அறுவது குறையும். கிழிந்த இரையைக் கரையில் எறியாமல் சட்டைப் பைக்குள் போடுங்கள். உலோகக் கரண்டி இரை, மரத்தில் செதுக்கிய இரை இரண்டுமே விராலுக்கு நன்றாக வேலை செய்யும், தொலைந்தாலும் வயிற்றை நிரப்பாது. விராலின் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளிக்கும் இடத்தில் மட்டும் எந்த இரையும் வீசாதீர்கள். கீழே நிற்பது காவல் நிற்கும் தாய் தகப்பன். அவற்றை எடுத்தால் கூட்டம் முழுவதும் மற்ற மீனுக்கு இரை.

மிதப்பில் ரெஜிபோமை நான் அறவே வேண்டாம் என்பேன். வெயிலும் உரசலும் பட்டதும் மிளகளவு வெள்ளை மணிகளாக உதிரும். மீன் முட்டை என்று மீனும் குருவியும் கொத்தும். நந்திக்கடல் ஓரத்தில் வாடைக் காற்றுக்குப் பிறகு நுரையோடு ஒதுங்குவதைப் பார்த்தால், எது நுரை எது ரெஜிபோம் என்று பிரித்தறியவே முடியாது. ஒருமுறை உதிர்ந்தால் பொறுக்கி எடுக்க வழியே இல்லை. பழைய செருப்பை வட்டமாக வெட்டிக் கோர்ப்பது அதைவிட எவ்வளவோ மேல், அது உதிராது. முருக்கு போன்ற இலேசான மரக்கட்டை இன்னும் மேல்.

நண்டுக்கூடு வைப்பவர்களுக்கு ஒரு மலிவான உபாயம். கூட்டின் ஒரு பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வலையை வெட்டி, அந்த வாயை மெழுகு பூசாத சுத்தப் பருத்தி நூலால் தைத்து விடுங்கள். கூடு தொலைந்தால் நூல் சில கிழமைகளிலிருந்து சில மாதங்களுக்குள் உக்கி, வாய் திறந்து, நண்டு வெளியே போய்விடும். ஒழுங்காகப் பாவிக்கும் கூட்டில் மாதம் ஒருமுறை நூலை மாற்றினால் போதும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல இடங்களில் நண்டுப் பொறிக்கு இது சட்டமாகவே இருக்கிறது. உக்கிப்போகும் வலைகளையும் தென்கொரியா நண்டுத் தொழிலில் இறக்கியிருக்கிறது. ஆனால் விலை அதிகம், நோர்வேயில் சோதித்தபோது நைலோனைவிட மீன் குறைவாகவே விழுந்தது. இன்றைக்கு வன்னிக்கு அது விடையல்ல, பருத்தி நூல்தான் விடை.

முல்லைத்தீவுக் கரைவலைக்காரருக்கு ஒரு சொல். கயிறு மணலில் உரசும்போது தும்பு உதிர்கிறது. படகுக் கயிறுகளை வைத்து 2022இல் செய்த ஆய்வில் புதிய கயிறு ஒரு மீற்றர் இழுக்க 20 துணுக்கு அளவும், இரண்டு வருடப் பழைய கயிறு 700க்கு மேலும் உதிர்த்தது. வின்சில் இழுக்கும்போது கயிறு ஈர மணலில் கிடக்காமல், இடையில் ஓர் உருளைக் கட்டையில் ஏற்றிவிட்டால் தேய்மானம் குறையும், கயிறும் நீடிக்கும். அப்படி உதிர்ந்தது மீனுக்குள் போனால் பெரும்பாலும் குடலில்தான் தங்கும். மீனைக் குடல் எடுத்துச் சமைப்பதால் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. முழுதாகச் சாப்பிடும் நெத்தலிக்கும் சின்னக் கருவாட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இறாலின் முதுகு நரம்பை எடுத்துவிடுங்கள், அதுதான் அதன் குடல்.

வலை பொத்தும் இடத்தில் எப்போதும் ஓர் உரப்பை கட்டி வையுங்கள். வெட்டி விழும் விரல் நீளத் துண்டுகள்தான் காற்றில் நீருக்குப் போய் மீன் வாய்க்குள் எளிதாகப் போகும். சேர்ந்ததை எரிக்காதீர்கள். நைலோன் எரிந்தால் சயனைட்டு வாயுவும், பீ.வீ.சீ. இரை எரிந்தால் நெஞ்சை அரிக்கும் அமில வாயுவும் வரும். குளக்கரையில் புதைத்தால் அடுத்த மாரிக்கு வெள்ளம் கிண்டி எடுக்கும். நைலோன் ஒரு பை, மிதக்கும் கயிறு ஒரு பை என்று பிரித்து, மண்ணும் சேறும் கழுவி, உலர்த்தி வைத்தால் மட்டுமே மீள்சுழற்சிக்கு எடுப்பவர்கள் வாங்குவார்கள். கலந்து அழுக்காக இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். எது எது என்று தெரியாவிட்டால் முன்பு சொன்ன கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பழைய வலையைத் தோட்டத்து வேலிக்குக் கட்டும் வழக்கம் வன்னியில் எங்கும் உண்டு. தடித்த பொலியெதிலீன் வலை என்றால் கட்டுங்கள், கோழிக்கும் காவல். தங்கூசி வலையை மட்டும் கட்டாதீர்கள். சாரைப்பாம்பும் உடும்பும் செண்பகமும் அதில் சிக்கி வெயிலில் காய்ந்து சாகும், எலி பிடிக்கும் சாரை போனால் வயலில் எலி பெருகும். ஏற்கெனவே கட்டியிருந்தால் நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குக் கிடுகு வைத்துக் கட்டுங்கள்.